நாலு பன்னிரண்டுக்கு வருகிறவர்

பூட்டிக் கிடந்த அறைக்குள் மெஷின் தானாக அடிக்கத் தொடங்கியது.

கடகடவென்று ஒரு வரி. நின்றது. அப்புறம் பாதி வரி. கடைசியில் சைக்கிள் மணி போல ஒரு ‘டிங்’. அவ்வளவுதான்.

பேராச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாலை நாலு பன்னிரண்டு.

“கேட்டேளா?” என்றாள் ஸ்மிருதி. குரலில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ரேஷன் வரிசையில் நிற்பவளைப் போலச் சுவரில் சாய்ந்திருந்தாள். “நாலு நாளா இதே நேரம். அப்பா போய் முப்பத்தெட்டு நாள் ஆச்சு மேடம்.”

“பேய்க்குக்கூட நேரம் தவறாம வரத் தெரியுது. நம்ம ஊரு மினி பஸ்ஸுக்குத்தான் தெரியல,” என்றார் அப்துல் ஜப்பார்.

பேராச்சி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அரை நிமிஷத்துக்குத் தாங்கும்.

குற்றாலத்திலிருந்து இலஞ்சி போகிற சாலையில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரர் கல்யாணராமன், வயது எழுபத்தொன்பது. ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை மெயின் அருவிக்குக் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. எட்டு மணிக்கு அருவியில் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு படிக்கட்டின் மேல் ஓரத்தில் அவருடைய செருப்பும் குடையும் கிடந்தன. சிற்றாற்றில் தென்காசி வரைக்கும் மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஒரே மகள் ஸ்மிருதி, பெங்களூரில் வேலை. காரியம் செய்வதா வேண்டாமா என்று பேசி முடிக்கத்தான் திங்கட்கிழமை வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை நாலு பன்னிரண்டுக்கு இந்தச் சத்தம்.

அதனால்தான் பேராச்சி. பத்தொன்பது வருஷம் போலீஸில் இருந்தவள். அருவியிலிருந்து தூக்கிய உடல்களுக்குப் பக்கத்தில் நின்று எழுதி எழுதி, ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண்ணின் உடலருகே நின்றபோது, மத்தியானத்துக்கு என்ன குழம்பு வைப்பது என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அடுத்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். வேலை போயிற்று, அந்த மரமரப்பு மட்டும் போகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைப் போல நெஞ்சுக்குள் ஓரிடம் ஆறு வருஷமாக அப்படியே இருந்தது. தென்காசியில் பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துவதற்கு அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

ஜப்பாருக்கு வயது அறுபத்தேழு. தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் அடித்து ஓய்வு பெற்றவர். இப்போது பேராச்சிக்கு டிரைவர், உதவியாளர், வேண்டாத நேரத்தில் பேச்சாளர்.

ஸ்மிருதி கதவைத் திறந்தாள்.

“ஏ அம்மாடி!” என்றார் ஜப்பார். “டெலிபிரிண்டர்! முப்பத்தொரு வருஷம் என் காதைச் செவிடாக்கின சனியன். நல்லா இருக்கியா தாயி?” என்று அதன் மூடியைத் தடவினார்.

மேஜை மேல் பச்சை வண்ண இரும்பு மெஷின். அதன் வாயிலிருந்து வந்த காகிதச் சுருள் தரையெல்லாம் புரண்டு கிடந்தது. பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர், சிவப்பு விளக்கோடு.

“அப்பா அந்தக் காலத்துல பம்பாய்ல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தார்,” என்றாள் ஸ்மிருதி. “அப்போ ஒரு கட்டடத்துக்கே ஒரு கம்ப்யூட்டர். முப்பது பேர் முப்பது மெஷின்ல உக்காந்து அதையே பயன்படுத்தணும். ஒருத்தர் முடிக்கற வரைக்கும் மத்தவா காத்துண்டிருந்தா பொழுது விடிஞ்சுடும். அதனால ஒவ்வொருத்தருக்கும் துளித்துளியா நேரம் கொடுத்து, மாத்தி மாத்தி ஓட்டற மாதிரி ஒரு சிஸ்டம் எழுதினா. மாத்தற வேகத்துல, கம்ப்யூட்டர் தனக்கு மட்டும்தான் வேலை செய்யறதுன்னு முப்பது பேரும் நினைச்சுப்பா. ரிட்டயர் ஆனப்புறம் அதையே இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள திரும்ப எழுதி வச்சார்.”

“மெயின் அருவியில போலீஸ்காரன் விசில் ஊதுத மாதிரி,” என்றார் ஜப்பார். “ஒரு கூட்டம் உள்ள போகும், விசில் ஊதுவான், வெளிய வரும், அடுத்த கூட்டம் போகும். அருவி என்னவோ ஒண்ணுதான்.”

பேராச்சி தரையிலிருந்த சுருளை எடுத்தாள். யார் எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார், எப்போது போனார் என்று பதிகிற வருகைப் பதிவேடு அது. ஜூலை செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் ஒரு நாள் விடாமல் ஒரே பெயர் இருந்தது. KR. கல்யாணராமன்.

“இது என்ன ரெண்டு நேரம்?” என்றாள். “இருந்த நேரம் நாப்பது நிமிஷம். மெஷின் நேரம் பூஜ்யம் புள்ளி மூணு செகண்டு.”

“உக்காந்திருந்த நேரம் வேற, கம்ப்யூட்டர் அவருக்காக வேலை செஞ்ச நேரம் வேற.”

“அருவிக்கரையில ஒரு மணி நேரம் நின்னாலும் தலையில தண்ணி விழுந்தது மூணு நிமிஷம்தான்,” என்றார் ஜப்பார்.

பேராச்சி சுருளை ஓட்டினாள். ஜூலைக்கு முன்னால் அதே KR ஒரு நாளைக்கு இருபது, முப்பது செகண்டு மெஷின் நேரம் எடுத்திருந்தார். இப்போதோ வருகிறவர் உட்காருகிறார், ஒன்றும் செய்வதில்லை, நாற்பது நிமிஷம் கழித்து எழுந்து போகிறார்.

“அப்பா உயிரோட இருக்கார், இல்லையா மேடம்?” ஸ்மிருதியின் குரல் அப்போதும் ஏறவில்லை. “எங்கேயோ ஒளிஞ்சுண்டு தினமும் வந்துட்டுப் போறார்.”

“உங்க அம்மா இதைப் பத்தி என்ன சொல்லுதாங்க?”

“அம்மாகிட்ட சொல்லலை. ஆசை காட்டிட்டு இல்லைன்னு ஆயிட்டா? தவிர, அவ இந்த ரூமைப் பூட்டினதோட சரி, உள்ளேயே வர்றதில்லை. சாயங்காலம் பஸ் ஏறித் தென்காசிக் கோயிலுக்குப் போயிடறா.”

ஜப்பார் சுவரோரம் குனிந்திருந்தார். ஆணியில் தொங்கிய அட்டையைத் தூசி தட்டி வாசித்தார். “வழி ஒண்ணு, வீடு. வழி ரெண்டு, எம்.டி.ஐ. எம்மா, பதிவேட்டுல அந்த ஆளு வருதது எந்த வழி?”

“ரெண்டு.”

“எம்.டி.ஐ.ன்னா மீனா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். தென்காசி தெற்கு மாசி வீதி. என் மூணு மகள்களும் அங்கனதான் டைப் பாஸ் பண்ணினாளுவ. மூணு பேர் ஃபீஸையும் கட்டிட்டு நான் ரெண்டு நாள் அழுதேன்.”

“அங்கேயும் இதே மாதிரி ஒரு மெஷினை வச்சு, போன் லைன்ல இதோட இணைச்சிருக்கேன்னு அப்பா ஒரு தடவை சொன்னார்,” என்றாள் ஸ்மிருதி.

பேராச்சி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தொன்று. உட்கார்ந்திருப்பவர் நாலு ஐம்பத்திரண்டு வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

“வண்டியை எடுங்க அண்ணாச்சி.”

சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. தலையில் துண்டு கட்டிய ஆட்களுக்கும் வேன்களுக்கும் நடுவே ஜப்பாரின் ஓம்னி ஆமையாக ஊர்ந்தது. பின்சீட்டில் ஸ்மிருதி கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்க்கப் போகிறோம் என்று நம்புகிற ஒரு பெண் இப்படியா இருப்பாள் என்று பேராச்சி யோசித்தாள். இப்படியும் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தது.

நாலு நாற்பத்தொன்றுக்குத் தெற்கு மாசி வீதி. குறுகலான மாடிப்படி. மேலே பத்துப் பதினைந்து டைப்ரைட்டர்கள் உறை போட்டுத் தூங்கின. கடைசியில் பலகைத் தடுப்பு, அதில் ஒரு கதவு. கதவுக்கு முன்னால் மேஜை போட்டு மீனா உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசு, மூக்குக்கண்ணாடி.

“வாங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை இந்த நேரம் கிளாஸ் கெடையாதே.”

“உள்ள யாரு?” என்றாள் பேராச்சி.

“யாரும் இல்லையே.” மீனாவின் கண் ஒருமுறை கதவுக்குப் போய்வந்தது.

“சரி. கல்யாணராமன் சார் மெஷின்ல அடிச்ச பேப்பர் எல்லாம் எங்கன வச்சிருக்கிய?”

மீனா தயங்கினாள். பிறகு மேஜைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினாள். ஒவ்வொரு நாள் காகிதமும் கிழித்து மடித்து, தேதி போட்டு அடுக்கியிருந்தது. ஜப்பார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க பாரும்மா. இந்த மெஷின்ல அடிச்சதை அழிக்க முடியாது. தப்பா ஒரு எழுத்து விழுந்தா, பக்கத்துல ஜன்னல் மாதிரி ஒரு குறி போடணும். முன்னால உள்ளதை விட்டுருன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுதது. மனுசன் பக்கத்துக்குப் பத்து ஜன்னல் வச்சிருக்காரு, நல்லா காத்தோட்டமா. ஆனா அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் ஒரு ஜன்னல் கெடையாது.”

“தப்பே இல்லாம அடிக்கணும்னா டைப் டீச்சராத்தான் இருக்கணும்,” என்றாள் பேராச்சி மீனாவைப் பார்த்து.

மீனாவின் முகம் வெளிறியது. “நான் அதைத் தொடவே இல்ல மேடம்.”

“அவ இல்லம்மா,” என்றார் ஜப்பார். “டைப் டீச்சர் வேகமா அடிப்பா. வேகமா அடிச்சா என்னைக்காவது ஒரு எழுத்து வழுக்கும். முப்பத்தேழு நாள்ல ஒரு தப்புகூட வரலன்னா அது மெஷினே தெரியாத ஆளு. ஒவ்வொரு எழுத்தாத் தேடி, ஒத்த விரலால, பயந்து பயந்து.”

பேராச்சி காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். முப்பத்தேழும் ஒரே மாதிரி. வந்தவர் பெயரை அடிக்கிறார். யாரும் படித்துவிடாதபடி கடவுச்சொல்லின் மேல் மெஷின் கறுப்பாக அடித்து மறைத்துவிடுகிறது. பிறகு மெஷின் தானாக ஒரு வரி சொல்கிறது: கடிதம் ஒன்று இருக்கிறது, அனுப்பியவர் KR, படிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு வெற்றுத்தாள். நாற்பது நிமிஷம் கழித்து, போகிறேன் என்பதற்கான ஒரே சொல்.

தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட கடிதம். எழுதியவர் வந்திருந்தால் அதைப் படித்திருப்பார். திருட வந்தவன் முதல் நாளே படித்திருப்பான். இவர் மட்டும் அது இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் வருகிறார், படிக்காமல் போகிறார். வீட்டில் மெஷின் அடிக்கும் என்பதுகூட இவருக்குத் தெரியவில்லை. நாலு பன்னிரண்டுக்கு அந்த வீட்டில் ஒருநாளும் இல்லாத ஒருவருக்குத்தான் அது தெரியாமல் இருக்கும். பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயிலை வைத்துக்கொண்டு, பஸ் ஏறித் தென்காசிக் கோயிலுக்கு வருகிற ஒருவருக்கு.

“ஸ்மிருதி, ஒரு நிமிஷம் நில்லுங்க...”

ஸ்மிருதி கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

மெஷினுக்கு முன்னால் மர நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிருஹதாம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா?”

“கோயில்ல கூட்டமா இருந்தது,” என்றாள் அந்த அம்மாள், யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது போல. அப்புறம் மகளையும் பேராச்சியையும் ஜப்பாரையும் பார்த்தாள். மேற்கொண்டு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

“மாமி யார்கிட்டயும் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டாவ,” என்று மீனா பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

ஸ்மிருதி தரையில் உட்கார்ந்தாள். “அப்பா இல்லையா அப்போ? நீதானா?”

“நான்தான்.”

பேராச்சி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாளுக்கு எதிரே அமர்ந்தாள். “மாமி, கடிதம் எதைப் பத்தி?”

“அவருக்கு ரெண்டு வருஷமா மறதி. காலம்பற காப்பி குடிச்சதும் வீட்டு மெஷின்ல தனக்குத் தானே ஒரு கடுதாசி எழுதிப்பார், இன்னிக்கு என்னென்ன செய்யணும்னு. சாயங்காலம் என்னை அழைச்சுண்டு இங்கே வருவார். படிச்சுப் பார்த்து, செஞ்சதை அடிச்சுடுவார். பாஸ்வேர்டும் மறந்துடும்னு என்கிட்ட சொல்லி வச்சிருந்தார்.”

“கடைசி நாள் கடிதத்தை ஏன் நீங்க படிக்கல?”

பிருஹதாம்பாள் கைப்பையின் வாரை ஒரு விரலில் சுற்றினாள். “ஜூன்லே டாக்டர் அந்த வியாதிக்குப் பேர் சொன்னார். அதுக்கப்புறம் ரெண்டு தடவை என்கிட்ட சொன்னார், உனக்கு பாரமா இருக்க மாட்டேன்னு. ஒரு மாசம் கழிச்சு அருவிக்கரையில செருப்பு கிடைக்கறது. கடுதாசில என்ன எழுதியிருப்பார்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏம்மா தினமும் வந்தே?” என்றாள் ஸ்மிருதி.

“முப்பது நாள் யாரும் வரலைன்னா அந்தப் பேரையும் அதுல இருக்கற கடுதாசியையும் மெஷினே அழிச்சுடும். இடத்தை அடைச்சுக்கப்படாதுன்னு அவரே வச்ச விதி. எனக்குப் படிக்கவும் வேண்டாம், அழியவும் வேண்டாம். வந்து உக்காந்துட்டுப் போனேன். அவ்வளவுதான்.”



பேராச்சிக்கு இந்த இடத்தில் ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றவில்லை. செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. “படிச்சாகணும் மாமி.”

“நீங்க அடிச்சுக்கோங்கோ. நான் இங்கேயே இருக்கேன்.”

ஜப்பார் மெஷின் முன்னால் நின்று, பிருஹதாம்பாள் சொன்ன சொல்லை அடித்தார். இரும்பு எழுத்துகள் காகிதத்தில் மடமடவென்று விழுந்தன. இங்கிலீஷில் இருந்ததைப் பேராச்சி தமிழில் வாசித்தாள்.

“கல்யாணராமா, இன்று செவ்வாய். அருவியில் குளித்துவிட்டு நேரே செங்கோட்டைக்குப் பஸ் ஏறு. அங்கே கொல்லம் ரயில். புனலூரில் இறங்கு. வர்கீஸ் வீட்டுக்குப் போ. நம் சிஸ்டத்தின் முதல் நோட்டு அவனிடம் இருக்கிறது, வாங்கிக்கொள். பிருஹதாவிடம் சொல்லாதே, தனியாக விடமாட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குள் திரும்பிவிடு. நாலு மணிக்கு இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ போக மறந்துவிட்டாய் என்று அர்த்தம்.”



“பம்பாய்ல அவரோட வேலை பார்த்த வர்கீஸ் போய் ஒன்பது வருஷம் ஆச்சே,” என்றாள் பிருஹதாம்பாள் மெதுவாக. “சாவுக்கு ரெண்டு பேரும் போயிட்டு வந்தோம்.”

“அவரு போக மறக்கல மாமி. செருப்பையும் குடையையும்தான் மறந்திருக்காரு,” என்றாள் பேராச்சி. போனை அதற்குள் கையில் எடுத்திருந்தாள்.

கூட வேலை பார்த்த செங்கோட்டை ஏட்டு ஒருவர் புனலூரில் ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பர் இன்னொரு நம்பர் கொடுத்தது. மூன்றாவது போனை எடுத்தவள் முதியோர் இல்லத்தில் வார்டனாம், பெயர் ஜெயபிரியா. பேராச்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

“கல்யாணராமனா? அப்படி ஒராள் இவிடெ இல்லல்லோ,” என்றாள் ஜெயபிரியா.

“ஜூலையில, செருப்பில்லாம, வயசானவர் ஒருத்தர் ஸ்டேஷன்ல...”

“அது நம்ம வர்கீஸ் சார்! ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து கொண்டுவந்ததாணு. பேர் கேட்டா ‘வர்கீஸ், வர்கீஸ்’னு மட்டும் சொல்லும். அட்ரஸ் கேட்டா பம்பாய். நாங்க பம்பாய்க்கு எழுதி, பதில் வரலை.”

ஸ்மிருதி எழுந்து நின்றாள். பேராச்சி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். ஆறடிக்கு ஒரு கிழவர் தொலைந்துபோகிற உலகம் இது. “அவர்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுதது? ஏதாவது அடையாளம்?”

“அடையாளமா...” ஜெயபிரியா சிரித்தாள். “இவிடெ பதினாலு பேருக்கு ஒரு குளிமுறி. தினமும் அடிபிடி. சார் வந்த மூணாம் நாள் சுவத்துல பேப்பர் ஒட்டிட்டார். எல்லாருக்கும் முதல்ல அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள முடியாத ஆள் வெளிய வந்து பின் வரிசைக்குப் போகணும். ஆனா அடுத்த முறை அந்த ஆளுக்குப் பத்து நிமிஷம். அதிலும் முடியலைன்னா அதுக்கும் பின்னால, இருபது நிமிஷம். பல் தேய்க்கிறவங்க சட்டுனு போயிடுவாங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறவங்களுக்கும் நேரம் கிடைக்கும். இப்போ சண்டையே இல்ல.”

“சோப்போட வெளிய வரணுமா!” என்றார் ஜப்பார்.

பிருஹதாம்பாள் போனைப் பார்த்தபடியே இருந்தாள்.

“சீக்கிரம் முடிக்கறவனுக்கு முதல் இடம்,” என்றாள். “முடிக்காதவன் பின்னாடி போகணும், ஆனா ரெண்டு மடங்கு நேரம் கிடைக்கும். வெளிநாட்டுல செஞ்சதைப் படிச்சுட்டு, தன் மெஷினுக்குத் தகுந்தாப்போல அவரும் வர்கீஸும் எழுதினது. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். சாப்பிட உக்காந்தா இதைத்தான் சொல்லுவார். புரியாமலே மனப்பாடம் ஆயிடுத்து.” போனைச் சுட்டிக்காட்டினாள். “அவர்தான்.”

ஸ்மிருதி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மீனாவும் அழுதாள். ஜப்பார் சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சீந்தினார்.

பிருஹதாம்பாள் மட்டும் அப்படியே இருந்தாள். “எனக்கு ஒண்ணுமே தோணலையே,” என்றாள் பேராச்சியிடம், மற்றவர்களுக்குக் கேட்காமல். “அன்னிக்கே படிச்சிருந்தா அன்னிக்கே போயிருக்கலாம். முப்பத்தெட்டு நாள். அழணும். வரமாட்டேங்கறது.”

ஆறுதல் சொல்லப் பேராச்சிக்கு ஒருபோதும் வந்ததில்லை. “வராட்டிப் போகட்டும் மாமி. ஒண்ணும் தோணாமலே நானும் ஆறு வருஷமா வேலை பாக்கேன். வண்டி ஏறுததுக்கு அது வேண்டாம். எந்திரிங்க.”

பிருஹதாம்பாள் எழுந்தாள்.

ஓம்னி செங்கோட்டையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியபோது மழை வலுத்தது.  கேரள எல்லைக்கு அப்பால் ஒரு வளைவில் பிருஹதாம்பாள் திடீரென்று முன்சீட்டைத் தட்டினாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேளுங்கோ. பதினாலு பேர்ல அவர் எத்தனாவதா குளிக்கறார்?”

பேராச்சி போன் போட்டுக் கேட்டாள். “எப்பவும் கடைசியாம் மாமி. மத்தவங்க எல்லாரும் முடிச்ச பிறகு. ஒன்பதரை ஆயிடுமாம்.”

“ஒன்பதரைக்கு வென்னீர் ஆறிப்போயிடுமே.” குரலில் முதல்முறையாக ஒரு கோபம். “நாளைக்கு அவருக்குத் தனியா வச்சுத் தரச் சொல்லுங்கோ. பச்சைத் தண்ணி அவருக்கு ஒத்துக்காது.”

“தினமும் அருவியில குளிச்ச மனுசனுக்கா?” என்றார் ஜப்பார்.

“அருவி வேற, பக்கெட் வேற. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ.”

பேராச்சி மறுபடியும் நம்பரை அழுத்தினாள்.